‘ஹார்டு’ என்றால் கடினம் மட்டும்தானா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

எச், ஏ, ஆர், டி என்று நாலே எழுத்துதான். ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இந்தப் பெயரடை வந்து நிற்கும். நாற்காலியும் ஹார்டு, கணக்கும் ஹார்டு, தண்ணீரும் ஹார்டு, சில மனிதர்களும் ஹார்டு. இந்தச் சொல்லைப் பற்றித் தமிழ் பேசுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், தமிழ் வழியாக யோசிப்பதால் நமக்கென்றே வரும் சில சிக்கல்களையும் கீழே பார்க்கலாம்.

இதயத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் காதில் ஒன்றாகத்தானே விழுகிறது?

தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகிறது, அதனால்தான் இந்தப் பக்கத்தில் கடினத்தை ‘ஹார்டு’ என்றும் இதயத்தை ‘ஹார்ட்’ என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். உச்சரிப்பில் வேறுபாடு இருக்கிறது. ‘பாடு’ என்று சொல்லும்போது வரும் மெத்தென்ற ‘ட’ ஒலிதான் ஹார்டு முடியும் இடம். ‘பாட்டு’ என்பதில் வரும் அழுத்தமான ‘ட்ட’ ஒலி இதயத்துக்கு. ஆனால் இரண்டிலும் கடைசியில் ‘உ’ சேர்த்துவிடக் கூடாது, நாக்கை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, ஹார்டு என்பதில் ‘ஆ’ சற்று நீளும், ஹார்ட்டில் சட்டென்று அறுந்துவிடும். பேச்சு வேகத்தில் ஆங்கிலேயர்களின் காது கடைசி மெய்யைவிட இந்த நீளத்தை நம்பித்தான் இரண்டையும் பிரிக்கிறது. பிரிட்டிஷ் உச்சரிப்பில் நடுவில் உள்ள ‘ர்’ ஒலிக்கவே ஒலிக்காது, அமெரிக்கர்கள் அதை நன்றாகச் சுழற்றுவார்கள். இரண்டில் எதைப் பின்பற்றினாலும் சரி.

அகராதியில் அர்த்தம் பத்துக்கு மேல் போகிறதே, அத்தனையையும் மனப்பாடம் செய்வதா?

வேண்டாம், செய்தாலும் நிற்காது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இந்த இடத்தில் ஹார்டுக்கு எதிர்ச்சொல் எது? நாற்காலி ஹார்டு என்றால் எதிர்ப்பக்கம் இருப்பது ‘சாஃப்ட்’. தேர்வு ஹார்டு என்றால் எதிரே ‘ஈஸி’. குளிர்காலம் ஹார்டு என்றால் எதிரே ‘மைல்டு’. ஆள் ஹார்டு என்றால் எதிரே ‘ஜென்டில்’ அல்லது ‘கைண்டு’. எதிர்ச்சொல் மாறினால் அர்த்தம் மாறிவிட்டது என்று பொருள். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்தாலே எந்த எதிர்ச்சொல் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், தெரியாத இடத்தில் மட்டும் அகராதியைத் திறந்தால் போதும்.

தொட்டுப் பார்த்துச் சொல்லும் ‘ஹார்டு’ என்பது ‘கெட்டி’தானே?

பாதிதான். அழுத்தினால் உள்வாங்காத, வளையாத, கீறினால் எளிதில் கோடு விழாத பொருள் ஹார்டு. நம்முடைய ‘கெட்டி’ அதைவிட அகலமானது. கெட்டியான துணி ஆங்கிலத்தில் ‘திக்’, கெட்டியான பசையும் ‘திக்’, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்பது ‘ஹோல்டு டைட்’. இவை எதிலும் ஹார்டு வராது. கெட்டிக்காரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதேபோல் ஹார்டு என்றால் உடையாதது என்றும் நினைத்துவிடக் கூடாது. கனிமங்களின் கடினத்தை அளக்க 1812-இல் ஃபிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானிய கனிமவியலாளர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். எது எதன்மேல் கீறல் போடும் என்பதுதான் அதன் அடிப்படை. மாவுக்கல்லுக்கு 1, குவார்ட்ஸுக்கு 7, வைரத்துக்கு 10. ஆனால் அந்த வைரத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் சிதறிவிடும். அடியைத் தாங்கும் குணத்துக்கு ஆங்கிலத்தில் ‘டஃப்’ என்று வேறு சொல் இருக்கிறது, எஃகு அந்த வகையில் வைரத்தைத் தோற்கடித்துவிடும். பொறியியல், பொருளறிவியல் படிப்பவர்கள் ஹார்டு, டஃப், ஸ்ட்ராங் மூன்றையும் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும், மற்றவர்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

கதவு, தாழ்ப்பாள், திருகு மூடி போன்றவை இறுகிப்போய் நகர மறுக்கும்போது ‘கதவு ஹார்டா இருக்கு’ என்று சொல்வது நம் பேச்சில் சகஜம். ஆங்கிலத்தில் அது ‘ஸ்டிஃப்’.

தண்ணீர் எப்படி ஹார்டு ஆகும்? ஹார்டு டிஸ்க், ஹார்டு காப்பி எல்லாம் என்ன கணக்கு?

இங்கெல்லாம் ஹார்டு தனியாக அர்த்தம் தருவதில்லை, ‘சாஃப்ட்’ என்ற ஜோடியோடு சேர்த்துத்தான் புரியும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம் கரைந்திருந்து சோப்பு நுரைக்க அடம்பிடிக்கும் நீர் ‘ஹார்டு வாட்டர்’, அதாவது கடின நீர். அவை குறைவாக இருந்தால் ‘சாஃப்ட் வாட்டர்’, மென்னீர். இதை ‘ஹெவி வாட்டர்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கன நீர், சாதாரண ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் டியூட்டீரியம் இருக்கும், அணு உலைகளில் பயன்படுவது.

கணினிப் பக்கம் வந்தால் தமிழே உதவி செய்கிறது. வன்பொருள், மென்பொருள் என்று நாம் பெயர் வைத்தது இதே ஜோடியைப் பார்த்துத்தான். ஹார்டு டிஸ்கின் வரலாறும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐபிஎம் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட ராமாக் கணினியில் 50 உலோகத் தட்டுகள் கொண்ட சேமிப்பகம் இருந்தது. அந்த நாளில் எல்லாத் தட்டும் விறைப்பானதுதான் என்பதால் அதைத் தனியாக ‘ஹார்டு’ என்று அடையாளம் சொல்லத் தேவையே இல்லை. 1970-களில் வளையும் பிளாஸ்டிக் படலத்தில் செய்த ‘ஃப்ளாப்பி’ பரவிய பிறகுதான் பழையதற்கு இந்த அடைமொழி அவசியமானது. எதிர்ச்சொல் வந்த பிறகு சொல்லுக்கே வேலை வந்த கதை இது.

இப்படியே மற்றவற்றையும் ஜோடியாகப் பிடித்துக்கொள்ளலாம். காகிதத்தில் இருந்தால் ஹார்டு காப்பி, கோப்பாக இருந்தால் சாஃப்ட் காப்பி. ‘ஹார்டு டிரிங்க்’ என்றால் சாராய வகை, ‘சாஃப்ட் டிரிங்க்’ மது கலக்காத பானம். விண்கலம் வேகம் குறையாமல் மோதினால் ‘ஹார்டு லேண்டிங்’, மெதுவாக இறங்கினால் ‘சாஃப்ட் லேண்டிங்’. நிலவில் 1959-இல் லூனா 2 மோதியது முதல் வகை, 1966-இல் லூனா 9 பத்திரமாக இறங்கியது இரண்டாம் வகை. ஆங்கில ‘ஜி’ எழுத்துகூட ‘கோ’ என்ற சொல்லில் ஹார்டு, ‘ஜெம்’ என்பதில் சாஃப்ட். வல்லினம், மெல்லினம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது, பிரிக்கும் முறை வேறு என்றாலும்.

ஹார்டு, டிஃபிகல்ட், டஃப் மூன்றும் ஒன்றா?

கேள்வி, வேலை, முடிவு, தேர்வு என்றால் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடலாம். பேச்சில் ஹார்டு அதிகம் வரும், டிஃபிகல்ட் சற்றே முறையான தொனி. ஆட்களைப் பற்றிப் பேசும்போதுதான் கவனம் வேண்டும். ‘எ டிஃபிகல்ட் மேன்’ என்றால் சமாளிக்க முடியாத ஆள், எதற்கும் ஒத்துவராதவர். ‘எ ஹார்டு மேன்’ என்றால் இரக்கம் காட்டாதவர், இறுகிய மனிதர். ‘எ டஃப் மேன்’ பெரும்பாலும் பாராட்டு, எதையும் தாங்குவார் என்ற அர்த்தத்தில். பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இதில் தடுமாறினால் நல்ல மனிதரின் வேலைவாய்ப்பே கெட்டுப்போகும்.

‘காலையில் எழுந்திருக்க எனக்குக் கஷ்டம்’ என்பதை ‘ஐ ஆம் ஹார்டு டு வேக் அப் ஏர்லி’ என்று சொல்லலாமா?

கூடாது. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குவதால் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம்’ என்று தொடங்கத் தோன்றுகிறது, தப்பு அங்கேதான். ‘இட் இஸ் ஹார்டு ஃபார் மீ டு வேக் அப் ஏர்லி’ என்பதுதான் சரி. கஷ்டமாக இருப்பது எழுந்திருக்கும் செயல், நான் இல்லை. ‘ஐ ஃபைண்டு இட் ஹார்டு டு...’ என்றும் தொடங்கலாம், அது இன்னும் இயல்பாக ஒலிக்கும்.

அப்படியென்றால் ‘ஹி இஸ் ஹார்டு டு ப்ளீஸ்’ எப்படிச் சரியாகிறது என்று உடனே கேட்பீர்கள். அங்கே ‘அவர்’ செயலைச் செய்பவர் இல்லை, செயலுக்கு ஆளாகிறவர். அவரைத் திருப்திப்படுத்துவது கஷ்டம் என்று பொருள். ‘திஸ் புக் இஸ் ஹார்டு டு ரீட்’ என்பதும் அதே கட்டமைப்பு, புத்தகம் படிக்காது, படிக்கப்படுகிறது. ஆக வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘அவரை’ அல்லது ‘அதை’ என்று இரண்டாம் வேற்றுமை வந்தால் அந்த ஆளையோ பொருளையோ தைரியமாக முன்னால் வைக்கலாம். ‘எனக்கு’, ‘அவருக்கு’ என்று வந்தால் ‘இட் இஸ்’ போட்டுத் தொடங்குங்கள்.

வெறுமனே ‘ஐ ஆம் ஹார்டு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொச்சை வழக்கில் அதற்குப் பாலியல் அர்த்தம் இருக்கிறது, கேட்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்.

சரி, ‘கஷ்டம்’ என்று வரும் இடத்திலெல்லாம் ஹார்டு போட்டுக்கொள்ளலாமா?

இதுதான் தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம். ‘கஷ்டம்’ என்ற ஒரு சொல்லை நாம் குறைந்தது நாலு வேலைக்கு வைத்திருக்கிறோம், ஆங்கிலம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

‘இந்தக் கணக்கு கஷ்டம்’ என்றால் ஹார்டு, சந்தேகமே இல்லை. ‘மனசுக்குக் கஷ்டமா இருக்கு’ என்றால் ஹார்டு கிடையாது, ‘ஐ ஃபீல் பேடு’, ‘ஐ ஆம் அப்செட்’ மாதிரி ஏதாவது வர வேண்டும். அந்த வருத்தத்துக்குக் காரணமான செயலை முன்னால் வைத்தால் மட்டும் ஹார்டு திரும்ப உள்ளே வரும்: ‘இட் வாஸ் ஹார்டு டு ஹியர் தட்’, அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. பணக் கஷ்டம் என்றால் பேச்சு வழக்கில் ‘ஹார்டு அப்’ என்ற தொடர் உண்டு, ‘ஹி இஸ் ஹார்டு அப்’ என்றால் கையில் காசில்லாமல் திண்டாடுகிறார். வறுமை, பஞ்சம் போன்ற பெரிய துன்பத்துக்குப் பெயர்ச்சொல்லாக ‘ஹார்டுஷிப்’ இருக்கிறது. ‘ஹார்டுனெஸ்’ என்பது வேறு, அது கல்லின், நீரின், உலோகத்தின் கடினத்தன்மை. ‘ஐ ஃபேஸ்டு மெனி ஹார்டுனெஸ்’ என்று யாராவது எழுதினால் அவர் சொல்ல வந்தது ‘ஹார்டுஷிப்ஸ்’.

எல்லாவற்றையும் விடச் சிக்கலானது ‘கஷ்டப்பட்டுப் படித்தார்’ என்ற வாக்கியம். ஊக்கமாக, விடாமல் படித்தார் என்றும் கேட்கலாம், சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலையில் படித்தார் என்றும் கேட்கலாம், பாடம் மண்டையில் ஏறாமல் திணறிப் படித்தார் என்றும் கேட்கலாம். நாம் சொல்லும்போது இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே ஒலிக்கும், அதுதான் அந்த வாக்கியத்தின் அழகு. ‘ஹி ஸ்டடீடு ஹார்டு’ என்று மாற்றினால் முதல் அர்த்தம் மட்டும் மிஞ்சும், வறுமை காணாமல் போய்விடும். வறுமையும் தெரிய வேண்டும் என்றால் ‘ஹி ஹேடு எ ஹார்டு லைஃப்’ என்றோ ‘டெஸ்பைட் ஹார்டுஷிப்’ என்றோ தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். திணறியதைச் சொல்ல ‘ஸ்ட்ரகிள்’ என்ற வினை இருக்கிறது. ஒரே சொல்லில் மூன்றையும் அடக்க ஆங்கிலத்தில் வழி இல்லை, தேடிக் களைக்க வேண்டாம்.

‘கடுமையான’ என்பதற்கு?

இதற்கும் ஒரே பதில் கிடையாது. கடுமையான காய்ச்சல் ‘ஹை ஃபீவர்’, கடுமையான வலி ‘சிவியர் பெயின்’, கடுமையான விதிகள் ‘ஸ்ட்ரிக்ட் ரூல்ஸ்’, கடுமையான வெயில் ‘ஸ்கார்ச்சிங் சன்’, கடுமையாகப் பேசினார் என்றால் ‘ஹார்ஷ்லி’. கடும் உழைப்புக்கு மட்டும் ஹார்டு அப்படியே பொருந்தும். மழையில் ஒரு வேடிக்கை: பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘ஹெவி ரெயின்’, வினையாக வந்தால் ‘இட் இஸ் ரெயினிங் ஹார்டு’. ‘ஹார்டு ரெயின்’ என்பது தப்பில்லை, ஆனால் அன்றாடப் பேச்சில் குறைவு. ஏன் இப்படி என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது, எந்தச் சொல் எதோடு சேரும் என்பது வழக்கம், அவ்வளவுதான்.

‘ஹார்டு வொர்க்’, ‘வொர்க் ஹார்டு’, ‘ஹார்டுவொர்க்கிங்’: எது எங்கே?

‘ஹார்டு வொர்க்’ பெயர்ச்சொல், கடின உழைப்பு. இரண்டு தனிச் சொற்களாக எழுத வேண்டும், சேர்த்து எழுதுவது பிழை. எண்ண முடியாத பெயர் என்பதால் ‘தேங்க்ஸ் ஃபார் யுவர் ஹார்டு வொர்க்ஸ்’ என்று ‘ஸ்’ போடக் கூடாது. உழைக்கிறார் என்று வினையாகச் சொல்ல ‘ஷி வொர்க்ஸ் ஹார்டு’. நம்மவர்கள் ‘ஷி டஸ் ஹார்டு வொர்க்’ என்பார்கள், ஆங்கிலேயர் காதில் அது மூட்டை தூக்குவது மாதிரி ஏதோ உடல் உழைப்பு என்று விழ வாய்ப்பு உண்டு. உழைப்பாளியை வர்ணிக்க ‘ஹார்டுவொர்க்கிங்’, நடுவில் சிறுகோடு போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள்.

வினையடை என்றால் ‘லி’ சேர்க்க வேண்டுமே, ‘ஹி வொர்க்ஸ் ஹார்டுலி’ ஏன் தப்பு?

‘ஹார்டு’ எந்த மாற்றமும் இல்லாமல் வினையடையாகவும் வேலை செய்யும்: ‘ட்ரை ஹார்டு’, ‘ஹிட் இட் ஹார்டு’, ‘திங்க் ஹார்டு’. ‘ஹார்டுலி’ என்பதற்கு அர்த்தமே வேறு, ‘அநேகமாக இல்லை’ என்று பொருள். ‘ஹி ஹார்டுலி வொர்க்ஸ்’ என்றால் அவர் வேலையே செய்வதில்லை. விடுப்பு விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ ‘ஐ வொர்க் ஹார்டுலி’ என்று வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் ‘ஹார்டுலி’ என்பதற்கும் ‘பலத்தோடு, ஊக்கத்தோடு’ என்றுதான் பொருள் இருந்தது. பிறகு ‘சிரமப்பட்டு’ என்று ஆனது. சிரமப்பட்டு நடக்கும் காரியம் நடந்தும் நடக்காதது போலத்தானே, அப்படியே நழுவி ‘அரிதாக, இல்லையென்றே சொல்லலாம்’ என்ற இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அதற்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் இன்னொரு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘ஐ கேன் ஹார்டுலி ஹியர் யூ’ சரி, ‘ஐ கான்ட் ஹார்டுலி’ தரமான எழுத்தில் ஏற்கப்படாது. ‘ஹார்டுலி எனிவன் கேம்’ என்றால் கிட்டத்தட்ட யாருமே வரவில்லை. அப்புறம் தேர்வுகளில் கேட்பார்கள்: ‘ஹார்டுலி ஹேடு ஐ ரீச்டு...’ என்று தொடங்கினால் நடுவில் ‘வென்’ வரும். ‘தேன்’ வருவது ‘நோ சூனர்’ என்று தொடங்கும்போது.

ஒருவரை ‘ஹார்டு’ என்பதும் அவர் இன்னொருவரிடம் ‘ஹார்டு ஆன்’ என்பதும் ஒன்றா?

இல்லை. ‘ஆன்’ சேர்ந்தால் குறிப்பிட்ட ஒருவரிடம் கண்டிப்பாக, கருணையில்லாமல் நடந்துகொள்வது. ‘டோன்ட் பி ஸோ ஹார்டு ஆன் யுவர்செல்ஃப்’ என்றால் உன்னை நீயே இவ்வளவு குறைசொல்லிக்கொள்ளாதே. ‘இட் இஸ் ஹார்டு ஃபார் ஹிம்’ என்றால் அவரால் செய்ய முடியாமல் கஷ்டப்படுகிறார், ‘இட் இஸ் ஹார்டு ஆன் ஹிம்’ என்றால் நிலைமை அவரை வதைக்கிறது. கல்நெஞ்சு என்பதற்கு ‘ஹார்டு-ஹார்ட்டட்’ அப்படியே பொருந்தும். ‘ஹார்டு-ஹெடட்’ என்பது மரமண்டை இல்லை, உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் நடைமுறையாக யோசிப்பவர். அமெரிக்காவில் சிலர் பிடிவாதக்காரர் என்ற பொருளிலும் சொல்வார்கள்.

‘ஹார்டு ஆஃப் ஹியரிங்’ மரியாதையான சொல்லா?

ஆமாம். காது சரியாகக் கேட்காதவரைக் குறிக்கும் சொல், சர்வதேச அமைப்பு ஒன்றே தன் பெயரில் இதைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் கண்ணுக்கு இதை நீட்டி ‘ஹார்டு ஆஃப் சீயிங்’ என்று யாரும் சொல்வதில்லை.

தொடர்களில் எவற்றைத் தெரிந்துவைத்தால் போதும்?

படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படுபவை சில. ‘ஹார்டு அண்ட் ஃபாஸ்ட் ரூல்’ என்றால் மாற்றவே முடியாத விதி, பெரும்பாலும் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று மறுக்கும்போதுதான் வரும், ‘ஃபாஸ்ட்’ இங்கே வேகம் இல்லை, இறுக்கம். ‘லேர்ன் தி ஹார்டு வே’ என்பது பட்டுத் தெரிந்துகொள்வது. ‘டிரைவ் எ ஹார்டு பார்கெய்ன்’ என்றால் பேரத்தில் இறங்கிவராமல் நிற்பது. ‘ஹார்டு-ஏர்ன்டு’ வியர்வை சிந்திச் சம்பாதித்தது. ‘ஹார்டு டு கம் பை’ எளிதில் கிடைக்காதது. ‘ஹார்டு எவிடன்ஸ்’ மறுக்க முடியாத சான்று, இதற்கு எதிர்ப்பக்கம் வதந்தியும் ஊகமும்.

மனிதர்களின் பெயர்களிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். ரிச்சர்டு, பெர்னார்டு, ஜெரார்டு போன்ற ஜெர்மானிய மூலப் பெயர்களின் வால் இதே சொல்தான், அங்கே உறுதி, வீரம் என்ற பொருளில். பெர்னார்டு என்றால் கரடி போல் உறுதியானவன். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஹெயர்டு’ போல இருந்தது, ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ஹார்ட்’ என்றே சொல்கிறார்கள், அதாவது நாம் முதலில் இதயத்துக்கு ஒதுக்கிய உச்சரிப்பில்.

யாராவது ‘நோ ஹார்டு ஃபீலிங்ஸ்?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லையே என்று கேட்கிறார்கள், சண்டைக்குப் பிறகோ விளையாட்டில் உங்களைத் தோற்கடித்த பிறகோ. வருத்தம் இல்லையென்றால் ‘நன் அட் ஆல்’ என்றால் போதும். ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னால் வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குப் புரியாது, மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்.